பிராக்கெட் அண்ணனின் இரண்டு கைகள்

பினாங்குத் தீவுக்குப் பாலம் வந்த நாளிலிருந்து இன்றுவரை, ஒரே மூச்சில் ‘சரி’ என்று சொல்லத் தெரியாத மனிதர் ஒருவர்தான் இந்தத் தீவில் வாழ்ந்திருக்கிறார். அவரோடு ஒரே அறையில், ஒரே மின்விசிறியின் கீழ் வேலை பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. என் தலையில் தெரியும் நரையில் பாதி வயதினால் வந்தது. மீதி அவர் கொடுத்தது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் இருக்கும். பீச் ஸ்திரீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், ‘அப்படி யாரும் இங்க இல்லையே’ என்பார்கள். ‘பிராக்கெட்’ என்று கேட்டுப் பாருங்கள். தேநீர்க்கடை சலீம் அண்ணன் ஆற்றிக்கொண்டிருக்கும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் கையைப் பிடித்து எங்கள் ஆபீஸ் மாடிக்கே கூட்டி வந்து விடுவார். போகும்போது உங்களைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்.

பெயர்க் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நாடுகள் கூடி உட்கார்ந்து வர்த்தக ஒப்பந்தம் எழுதும்போது ஒரு வழக்கம் உண்டு. ஒரு வாக்கியத்தில் ஏதாவது ஒரு நாட்டுக்கு உடன்பாடு இல்லையென்றால், அந்த வார்த்தைகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பார்கள். அழிக்கவும் மாட்டார்கள், ஏற்கவும் மாட்டார்கள். எல்லோரும் தலையாட்டிய பிறகுதான் குறியை எடுப்பார்கள். நம்முடைய ஆள் தலைநகரில் பல காலம் அந்த மாதிரி அறைகளில் உட்கார்ந்து, எந்த நாட்டு அதிகாரி தொண்டையைச் செருமினாலும் சட்டென்று அடைப்புக்குறி போடும் தட்டச்சு வேலை செய்தவர். வேலையை விட்டுவிட்டுப் பினாங்குக்கு வந்தார். வியாதியை அங்கேயே விட்டுவிட்டு வர மறந்துவிட்டார்.

பேசிக்கொண்டே இருப்பார். தனக்கு உறுதியில்லாத ஒரு வார்த்தை வந்தால் இரண்டு கைகளும் தாமாக மேலே போகும். முகத்துக்கு இரண்டு பக்கமும் விரல்களை வளைத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பானையைப் பிடித்திருப்பவர்போல நிற்பார். அந்தப் பானைக்குள் வார்த்தையைப் போடுவார். பிறகு கைகள் இறங்கும். பார்க்கிறவர்கள் முதல் நாள் பயப்படுவார்கள். இரண்டாம் நாள் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் அவர்களுக்கும் கை தூக்க வரும்.

சலீம் அண்ணன் கடையில் நாம் எல்லோரும் ‘ஒரு தே ஓ’ என்போம். பால் விடாத தேநீர் நிமிடத்தில் வந்துவிடும். இவர் சொல்வது இப்படி:

“சலீமு, ஒரு தே ஓ. அதுல மாற்றமில்ல. ஆனா…” கைகள் மேலே. “…சீனி போட்டு.” கைகள் கீழே.

“போடவா வேணாமா அண்ணே?”

“அது இன்னும் முடிவாகல. டாக்டர் ஒண்ணு சொல்றாரு, நாக்கு ஒண்ணு சொல்லுது. ரெண்டு தரப்பும் பேசிக்கிட்டிருக்கு.”

சலீம் அண்ணன் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு சீனியில்லாமல் தே ஓவைக் கலந்து, சீனியைத் தனியாக ஒரு சாசரில் வைத்து, “இந்தாங்க, உங்க பிராக்கெட்டு” என்று நீட்ட ஆரம்பித்தார். நாளடைவில் அந்தக் கடையில் சீனிக்கே அதுதான் பெயராகிவிட்டது. ‘மூலை மேசைக்கு ஒரு கோப்பி, பிராக்கெட் தூக்கலா!’ என்று குரல் கேட்டால், எங்கள் தெருச் சுவரோவியங்களைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் அகராதியைப் புரட்டுவார்கள்.

நாசி கண்டார் கடை வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பது அதைவிடக் கொடுமை. சோற்றைப் போட்டு, கோழியை வைத்து, “குழம்பு கலந்து ஊத்தவா அண்ணே?” என்று கேட்பார்கள். கேட்கவே கூடாது. கைகள் போய்விடும்.

“கலந்துட்டா திரும்பப் பிரிக்க முடியாது தம்பி. அப்படிப்பட்ட முடிவை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது. எல்லாக் குழம்பையும் ஓரமா ஊத்துங்க. ஒண்ணோட ஒண்ணு படாம. நான் மேசையில உக்காந்து பேசி முடிச்சுக்கிறேன்.”

“அண்ணே, உங்களுக்குப் பின்னால வரிசை கொம்தார் கட்டடம் வரைக்கும் போயிருச்சு லா!”

இவ்வளவும் செய்துவிட்டு, மேசையில் உட்கார்ந்ததும் எல்லாக் குழம்பையும் தாமே ஒன்றாகப் பிசைந்து சாப்பிடுவார். ஏன் அண்ணே என்று கேட்டால், “இப்ப நானே சம்மதிச்சுக் கலக்குறேன் தங்கச்சி. அவன் கலந்தா அது அவன் சம்மதம்” என்பார். எனக்கு அப்போது இது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது.

இப்படிப்பட்டவரை வேலைக்கு எடுத்தது எங்கள் சங்கத் தலைவர் ஹாஜியார். சங்கம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கைப்பேசியில் கடை நடத்துகிற சில்லறை வியாபாரிகள் சேர்ந்து, ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறை. அதற்குச் செயலாளர் நான். ஹாஜியார் மசாலாத்தூள் வியாபாரி. சிங்கப்பூரில் இருக்கிறவருக்கும் தாய்லாந்தின் ஹாட்யாயில் இருக்கிறவருக்கும் இணையத்தில் விற்பவர். குரல் கணீரென்று இருக்கும். மனம் அவர் விற்கும் கிராம்பைப்போல, சின்னதாகத் தெரிந்தாலும் வாசம் தூக்கும்.

ஒருநாள் அமைச்சிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நம் வட்டார நாடுகள் சேர்ந்து போட்ட வர்த்தக ஒப்பந்தத்தின் மின்னியல் வர்த்தக விதிகளைப் புதுப்பிக்கப் போகிறார்கள்; சிறு வியாபாரிகளும் கருத்து அனுப்பலாம் என்று. ஒப்பந்தம் எழுதிய காலத்தில் சரக்கென்றால் கப்பலில் ஏறுவது. இப்போது கடை கைப்பேசியில் இருக்கிறது, கையெழுத்து கணினியில் இருக்கிறது, சில நேரம் சரக்கே வெறும் பைலாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதற்கெல்லாம் விதி வேண்டுமல்லவா? மின்னஞ்சலைப் படித்த ஹாஜியாருக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. எனக்குக் கால்வாசி புரிந்தது. பிராக்கெட் அண்ணனுக்கு முழுக்கப் புரிந்தது, ஆனால் அவர் எதையும் உறுதியாகச் சொல்ல மறுத்தார்.

உறுப்பினர்களைக் கூட்டினோம். முறுக்கு விற்கும் லெட்சுமி அக்கா முதல் கேள்வியைக் கேட்டார்: “டிஜிட்டல்னா என் முறுக்க ஸ்கேன் பண்ணியா அனுப்புவாங்க?”

பிராக்கெட் அண்ணன் பொறுமையாக விளக்கினார். ஒரு நாட்டில் கணினியில் போட்ட கையெழுத்தை அடுத்த நாடும் ஏற்க வேண்டும் என்பது முதல் விஷயம். எல்லோரும் ஒரே குரலில், ‘ஆகலாம்’ என்பதற்கு மலாயில் சொல்வதுபோல, ‘போலே!’ என்றார்கள். தாள் இல்லாமலே சுங்கத்தில் சரக்கை விடுவிக்கலாமா? ‘போலே!’ அடுத்த நாட்டுக்காரன் ஏமாற்றினால் புகார் கொடுக்க ஒரு வழி? ‘போலே, போலே!’ பிராக்கெட் அண்ணனின் முகம் வாடிக்கொண்டே வந்தது. எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டால் அவருக்கு அங்கே என்ன வேலை?

நல்லவேளையாக அடுத்த விஷயம் வந்தது. வாடிக்கையாளருக்கு விளம்பரச் செய்தி அனுப்புவதென்றால், அதற்கு அவர் தாமே சம்மதம் தந்திருக்க வேண்டும். கடைக்காரர் முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி சம்மதமாகாது.

ஹாஜியார் நாற்காலியில் நிமிர்ந்தார். அவருடைய இணையக் கடையில் அப்படி ஒரு பெட்டி இருந்தது. அதில் டிக்கும் இருந்தது. நான் எப்போதோ ஒருமுறை அவரிடம் ஒரு பாக்கெட் கறித்தூள் வாங்கினேன். அந்தப் பாவத்துக்கு, விடிந்தால் என் கைப்பேசியில் ஒரு ரோஜாப்பூ வரும். ரோஜாவுக்குக் கீழே ‘இனிய காலை வணக்கம்’. அதற்குக் கீழே சீரகத்தூள் விலை.

“இது என்னா சட்டம்? வேணாம்னா அவங்க டிக்கை எடுத்துட்டுப் போகவேண்டியதுதானே?” என்றார்.

“டிக்க யாரு போட்டா ஹாஜியார்?”

“நான்தான் போட்டேன். பாவம், அவங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“அவங்களுக்காக நீங்க சொன்ன ‘சரி’, அவங்க சொன்னதாகாது. அவங்க அந்தப் பெட்டியப் பார்க்காமகூட இருந்திருக்கலாம்.”

“என் கடையில நானே டிக் போடக் கூடாதா? நான் ரோஜாப்பூதானே அனுப்புறேன், பாம்பா அனுப்புறேன்?”

பிராக்கெட் அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கினார். அந்தப் பத்தி அப்படியே அடைப்புக்குறிக்குள் போனது. தலைவர் ஒத்துக்கொள்ளாமல் சங்கத்தின் கருத்தை அனுப்ப முடியாது. தலைவரோ ஒத்துக்கொள்ளமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். வாரக்கணக்கில் எங்கள் கணினித் திரையில் அந்த ஒரு குறி மட்டும் ஆணி அடித்ததுபோல நின்றது. ரோஜாப்பூவும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

சுகுணா வந்தது அந்தச் சமயத்தில்தான். கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் பேக்டரி ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. சாமானைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து ‘பாஸ்’ அல்லது ‘ரிஜெக்ட்’ என்று சொல்ல வேண்டும். ஓய்வு நேரத்தில் ரவிக்கை வெட்டும் அளவுப் படங்களை வரைந்து, பைலாக இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தாள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் வாங்கி, தாளில் அச்செடுத்து, துணியில் வைத்து வெட்டிக்கொள்வார்கள். புதிய விதி வந்தால் அந்தப் பைலுக்கும் எல்லையில் வரி விழுமா என்று கேட்கத்தான் எங்களிடம் வந்தாள்.

தனியாக வரவில்லை. அவள் அப்பா கூட்டி வந்தார். நிபோங் திபாலில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி வைத்திருப்பவர். கார் பழுது என்று லோரியிலேயே பாலம் ஏறி வந்து, பீச் ஸ்திரீட்டை அடைத்துக்கொண்டு நிறுத்திவிட்டு மாடியேறினார். லோரி இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். எங்கள் அறை சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

சுகுணா வாயைத் திறப்பதற்குள் கேள்வியை அவரே கேட்டுவிட்டார். பிராக்கெட் அண்ணன் பதில் சொன்னார். “இப்போதைக்கு வரி இல்ல ஐயா. இனி எப்பவுமே இல்லைங்கிறதுதான்…” கைகள் மேலே. “…உறுதி.”

“இருக்கா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு லா!”

“ஒரே வார்த்தையில சொல்லிரலாம். ஆனா அந்த வார்த்தை…” கைகள் இறங்கவேயில்லை.

லோரிக்காரர் என் பக்கம் திரும்பி, இவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கண்ணாலேயே கேட்டார். நான் பேச்சை மாற்ற, என்ன குடிக்கிறீர்கள் என்று சுகுணாவிடம் கேட்டேன்.

“அவளுக்குத் தே தாரிக்” என்றார் அப்பா.

பிராக்கெட் அண்ணனின் கைகள் அப்படியே நின்றன. அந்த இரண்டு கைகளுக்கு நடுவிலிருந்து சுகுணாவைப் பார்த்து, “உங்களுக்கு?” என்று கேட்டார்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். “கோப்பி ஓ. சீனி இல்லாம.”

“நீ கோப்பி குடிப்பியா?” என்று லோரிக்காரர் அதிர்ந்துபோனார்.

“பேக்டரியில தெனமும் அதுதான்ப்பா.”

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் சுகுணா பெரிப் படகு ஏறித் தனியாகவே வர ஆரம்பித்தாள். வரியைப் பற்றிக் கேட்டாள். கையெழுத்தைப் பற்றிக் கேட்டாள். கேள்விகள் தீர்ந்துபோன பிறகும் வந்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒப்பந்தப் பத்திகளை வரிவரியாக வாசித்துக்கொண்டிருப்பார்கள். உலகத்தில் காதலுக்கு என்னென்னவோ தூது போயிருக்கிறது. மின்னியல் வர்த்தக விதி போனது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை அண்ணன் எழுந்து நின்றார். நான் கணினிக்குப் பின்னால் இருந்தேன். மும்முரமாகத் தட்டச்சு செய்வதுபோல ஒரே எழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

“சுகுணா, எனக்கு உங்கள…” கைகள் மேலே. “…ரொம்பப் புடிச்சிருக்கு.” கைகள் கீழே.

சுகுணா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மூடி கோணலாக வந்த டப்பாவைப் பார்ப்பதுபோல.

“ரிஜெக்ட்” என்றாள். “குறை இருக்கு. சரிபண்ணி எடுத்துட்டு வாங்க.”

அந்த வாரம் முழுவதும் மனிதர் படாத பாடு பட்டார். ஆபீஸ் ஸ்டேப்ளரைச் சுகுணாவாகப் பாவித்து ஒத்திகை பார்த்தார். ஸ்டேப்ளர் முன்னால்கூடக் கை எழும்பியது. கடைசியில் நான்தான் வழி சொன்னேன்: “ரெண்டு கையையும் சிலுவார் பாக்கெட்டுக்குள்ள வுட்டுக்கிட்டுச் சொல்லுங்கண்ணே.” அடுத்த சனிக்கிழமை, கால்சட்டைப் பாக்கெட் தையல் விட்டுப்போகும் அளவுக்குக் கைகளை உள்ளே திணித்துக்கொண்டு, வியர்வை வழிய, சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னார்.

“பாஸ்” என்றாள் சுகுணா. சொல்லிவிட்டுச் சிவந்துபோய்ச் சன்னலைப் பார்த்தாள். நானும் மரியாதைக்குத் தட்டச்சை நிறுத்தினேன்.

லோரிக்காரரைச் சம்மதிக்க வைப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஹாஜியார்தான் நேரில் போய்ப் பேசினார். லோரிக்காரர் கடைசியில் இறங்கிவந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

“பையன் நல்லவன்தான் ஹாஜியார். ஆனா பேச்சுல ஒரு பிடி கெடைக்க மாட்டேங்குது. நிச்சயத்தன்னிக்குச் சபையில ஒரே ஒரு தடவ அந்தக் கையத் தூக்கினான்னு வைங்க, அவன் கொண்டாந்த தட்டையெல்லாம் அவன் வேன்லயே ஏத்தி அனுப்பிருவேன். கல்யாணமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது.”

சொன்னால் செய்கிற ஆள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்த வாரம் சுகுணா ஆபீசுக்கு வந்தபோது, “என்னம்மா, கல்யாணப் பொண்ணு! சந்தோஷமா?” என்று கேட்டேன்.

“நிச்சயத்துக்கு நாள் குறிச்சதே சொந்தக்காரங்க குரூப்புல பார்த்துத்தான்க்கா தெரியும்” என்று சிரித்தாள். “கல்யாணத்துக்கப்புறம் நான் பேக்டரி வேலையை விட்டுருவேனாம். அதையும் அதுலதான் படிச்சேன்.”

“உனக்குச் சம்மதமா?”

“புடிச்சிருக்குன்னு இவரு சொன்னாரு, நான் பாஸ் சொன்னேன். கல்யாணத்துக்குச் சம்மதமான்னு இதுவரைக்கும் யாரு கேட்டா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பக்கத்து மேசையில் சீனிச் சாசரை எடுக்கப்போன பிராக்கெட் அண்ணனின் கை பாதியில் நின்றது. எப்படிக் கேட்காமல் விட்டோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அன்றைக்குத் தே ஓவைச் சீனி போடாமலே குடித்தார்.

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை, நிபோங் திபாலில் ஒரு கோயில் மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஓர் அக்காவும் எங்கள் சங்கமும்தான். ஹாஜியார் ஆப்பிள் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் லெட்சுமி அக்கா, சீர்த்தட்டில் தன் முறுக்கைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டு வந்தார். பிராக்கெட் அண்ணன் வேனிலிருந்து இறங்கினார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. மாப்பிள்ளைக் களை அப்படியே சொட்டியது.

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேட்டியில் பாக்கெட் கிடையாது!

யோசிக்க நேரமில்லை. ஓடிப்போய் ஒரு தேங்காயை எடுத்து அவருடைய ஒரு கையில் வைத்தேன். இன்னொரு கையில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்தேன். செம்பை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். உடனே பக்கத்தில் அழுதுகொண்டிருந்த யாருடைய பிள்ளையையோ தூக்கி அவர் இடுப்பில் வைத்தேன். பிள்ளையின் தாய் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். “மாப்பிள்ளை தூக்குனா ராசி” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் அதை நம்பி, தங்கையின் பிள்ளையையும் கொண்டுவரக் கிளம்பினாள்.

சடங்குகள் ஒழுங்காக நடந்தன. தேங்காய் ஒரு கையில், பிள்ளை ஒரு கையில். கைகள் எழும்பவில்லை. நான் தூணில் சாய்ந்து நிம்மதியாக மூச்சு விட்டேன். ஐயர் நிச்சயப் பத்திரிகையை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். இன்னார் பேரன், இன்னார் பேத்தி, நல்ல முகூர்த்தம் என்று குரல் ஏறி இறங்கி வந்தது.

“…மணமகனின் பூரண சம்மதத்தோடும், மணமகளின் பூரண சம்மதத்தோடும்…”

பிராக்கெட் அண்ணன் எழுந்தார். பிள்ளையை ஹாஜியாரின் மடியில் உட்கார வைத்தார். நடந்து வந்து தேங்காயை என் கையில் கொடுத்தார். சபைக்கு நடுவில் போய் நின்று, இரண்டு கைகளையும் தூக்கினார்.

நாதஸ்வரக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று வாசிப்பை நிறுத்தினார். லோரிக்காரர் எழுந்து, நேராகப் போய் ஆப்பிள் தட்டைத் தூக்கிவிட்டார்.

“மாமா, தட்ட அப்புறம் தூக்குங்க” என்றார் பிராக்கெட் அண்ணன். கைகள் இறங்கவில்லை. “ஐயரே, என் சம்மதத்த அப்படியே வாசிங்க. அதுல ஒரு மாற்றமும் இல்ல. அவங்க சம்மதம் மட்டும் இதுக்குள்ள இருக்கட்டும். அத அவங்க இன்னும் சொல்லல. அவங்க வேணாம்னு சொன்னா, நானே தட்டத் தூக்கிக்கிட்டுச் சந்தோஷமா போயிருவேன்.” கொஞ்சம் யோசித்தார். “சந்தோஷமா இல்ல. ஆனா போயிருவேன்.”

“அதான் நான் சொல்லிட்டேனே!” லோரிக்காரர் குரலில் மண்டபம் அதிர்ந்தது. “நான் சொன்னா அவ சொன்ன மாதிரி! அவளுக்கு எதுக்குச் சிரமம்?”

இந்த வார்த்தையை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நான் ஹாஜியாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாய் பாதி திறந்திருந்தது. மடியில் இருந்த பிள்ளை அவர் தாடியைப் பிடித்து இழுத்தது. அதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

சுகுணா எழுந்து நின்றாள். தலை நிறையப் பூ, கை நிறைய வளையல்.

“எனக்குச் சம்மதம்” என்றாள். “அவரக் கட்டிக்கிறேன். ஆனா வேலையை விட்டுருவேன்னு அப்பா எல்லார்ட்டயும் சொன்னதுக்கு…” வளையல்கள் குலுங்கி முழங்கைக்குச் சரிய, அவளும் இரண்டு கைகளையும் தூக்கினாள். “…சம்மதம் இல்ல.”

பிராக்கெட் அண்ணனுக்குத் தொழில் புத்தி போகவில்லை. “சுகுணா, அது பிராக்கெட்ல வராது. சம்மதமே இல்லன்னா நேரா அடிச்சிரணும்.”

“அப்ப அடிச்சிருங்க.”

அது பத்திரிகையில் எழுதியே இல்லை. ஆனாலும் ஐயர் பயந்துபோய்ப் பேனாவைத் தேடினார். ஹாஜியார் பிள்ளையோடு எழுந்து வந்து, தன் சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்துக் கொடுத்தார். மண்டபமே சிரித்துவிட்டது. லோரிக்காரர் மட்டும் ஆப்பிள் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். அவர் குரல் திடீரென்று ரொம்பச் சின்னதாகிவிட்டது.

“ஏம்மா, இத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“நீங்க கேக்கலையேப்பா.”

அவர் தட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், இன்னும் கை தூக்கியபடியே நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார். தட்டை இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்தார். “கையக் கீழ போடு லா, வலிக்கப் போவுது” என்றார். பிராக்கெட் அண்ணனின் கைகள் இறங்கின. நாதஸ்வரம் கிளம்பியது.

சாப்பாட்டுப் பந்தியில் லோரிக்காரர் தாமே எல்லோருக்கும் பானம் கேட்டு வந்தார். மகள் பக்கத்தில் வந்தபோது நின்றார். அடுப்படிப் பக்கம் திரும்பி ஏதோ கத்தப்போனவர், அதை விழுங்கிவிட்டு, குனிந்து கேட்டார்:

“நீ… என்னம்மா குடிக்கிற?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தேங்காய் இன்னும் என் கையிலேயே இருந்ததால் சரியாகத் துடைக்கக்கூட முடியவில்லை.

திங்கட்கிழமை நான் ஆபீசைத் திறக்கும்போது ஹாஜியார் படிக்கட்டில் காத்துக்கொண்டிருந்தார். “அந்தப் பத்தியில குறிய எடுத்துரு. என் கடைப் பெட்டியில டிக்கையும் எடுத்துரு. அவங்களே போடட்டும்” என்றார். அன்றே சங்கத்தின் கருத்து அமைச்சுக்குப் போனது. கடைசிக் குறியும் போன திரையைப் பிராக்கெட் அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், வளர்த்த பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்பியவர்போல. நாடுகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கென்ன அவசரம், பந்திச் சோறா ஆறிப்போகிறது?

ஹாஜியாரின் ரோஜாப்பூ இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்குத்தான் போகிறது. அதில் நானும் ஒருத்தி. நானே போய் டிக் போட்டேன். அந்தப் பூ இல்லாமல் விடிந்த மாதிரி இல்லை.

சுகுணாவும் அண்ணனும் இப்போது கெலுகோரில் இருக்கிறார்கள். அவள் இன்னும் மாக் மண்டினுக்கு வேலைக்குப் போகிறாள், ரவிக்கைப் பைலும் விற்கிறாள். வீட்டில் சீனிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. அவள் ‘ரிஜெக்ட்’ சொல்லிவிட்டாள்.

இதை எழுதுவதற்கு முன்னால் அண்ணனிடம் கேட்டேன். கேட்காமல் எழுதினால் அவருடைய இரண்டு கைகளும் நேராக என் கழுத்துக்கே வந்துவிடும். “உங்களப் பத்திப் பத்திரிகையில எழுதட்டுமாண்ணே?” என்றேன். மனிதர் ரொம்ப யோசித்தார். கைகள் துடித்தன, தோள்வரைக்கும் வந்தன. பிறகு இரண்டையும் சிலுவார் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, “சரி தங்கச்சி” என்றார். ஒரே மூச்சில்.

எனக்கு அந்த மனுஷரை ரொம்பப் பிடிக்கும். இதைச் சொல்லும்போது என் கைகள் இரண்டும் மேசைமேல்தான் இருக்கின்றன.